சரளைச் சரிவில் கொட்டிய வண்டல்

அன்றைக்கு அந்தச் சரிவில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீ, நான், சேலத்துப் பக்கம் இருந்து லாரியோடு வந்த உன் தம்பி பழனிச்சாமி, அவன் பெண்டாட்டி சரோஜா, எஸ்டேட் மேஸ்திரி மாரியப்பன். லாரி டிரைவரைச் சேர்க்கவில்லை. சொன்ன இடத்தில் கொட்டிவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

இன்று காலையில் எதிரே புதிதாகக் கட்டுகிற லாட்ஜ் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. புல் வளர்க்க ஏரி வண்டல் கொண்டுவந்திருக்கிறார்கள். லாரியின் பின்கதவைத் திறந்ததும் அந்தச் சேற்று வாடை முகத்தில் அடித்தது. குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நீ செத்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த வாடை எனக்கு ஆகவில்லை.

மஞ்சக்குட்டை போகிற வழியில் உன் வீட்டுக்காரர் விட்டுப்போன சரிவு அது. மலைக்குக் கீழே இருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். மேலே ஒரு சாண் கறுத்த இலைமக்கு. அதற்கு அடியில் புளியங்கொட்டை பரப்பியது போலச் சரளை. இன்னும் கீழே போனால் கடப்பாறையில் பொறி தெறிக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் குடத்தை நிமிர்த்துவதற்குள் குடித்துவிடும். ஆனால் ராத்திரி முழுக்க மழை அடித்தாலும் காலையில் நடந்தால் காலில் சேறு ஒட்டாது. காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் அதுதான் வேண்டும். நீ அங்கே ஏற்றியிருந்த மிளகுக்கொடிக்கு அது இல்லாமல் முடியவே முடியாது. வெயில் காலத்தில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று நீ சருகைக் கூட்டவே விடமாட்டாய். "அது போர்வை புள்ள, உருவிப்போடாதே" என்பாய்.

அந்தக் காலத்தில் நாம் வேலை செய்த எஸ்டேட்டில் புது நாற்று வைக்கிற நாளில் முதல் குழிக்கு ஒரு பெண்ணைக் கூப்பிடுவார்கள். கைராசி பார்ப்பார்கள், கட்டுக்கழுத்தியா என்றும் பார்ப்பார்கள். உன் வீட்டுக்காரர் போன பிறகும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள், நீ வைத்தது எதுவும் பட்டுப்போனதில்லை என்பதால். கல்யாணத்திலும் வளைகாப்பிலும் உன்னை ஓரமாக நிற்கவைத்த அதே சனங்கள் நாற்று வைக்க மட்டும் உன்னை முன்னால் நிறுத்தினார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நீ தலை நிமிர்ந்து நடந்த நாள்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த உன் தம்பி வெறுங்கையோடு வரவில்லை. ஒரு லாரி வண்டல் கொண்டுவந்தான்.

"ஏனுங்க அக்கா, இந்த வெறுங்கல்லுல எத்தனை நாளைக்குப் பாடுபடுவீங்க? எங்க ஏரி வண்டலுங்க, வெண்ணெ மாதிரி இருக்குது பாருங்க. அக்காவுக்குச் சீருன்னு வெச்சுக்கங்க."

"சீருன்னா சேலை குடுப்பாங்க தம்பி, சேத்தையா குடுப்பாங்க?" என்றேன் நான். "தண்ணி நின்னா மிளகுக்கொடி வேரழுகிப் போயிருமுங்க."

சரோஜா விடவில்லை. "அடுத்த ஊட்டுக்குச் சீரு வந்தா சில பேருக்குக் கண்ணு உறுத்துமுங்க."

லாரியைப் பார்த்து வந்து நின்ற மாரியப்பனிடம், போடலாமா என்று நீ கேட்டாய். எஸ்டேட்டில் ஒரு குழியில் உள்ளங்கை அளவு தண்ணீர் நின்றால் போதும், வடிகால் வெட்டவில்லை என்று நம்மை நாள் முழுக்கத் திட்டுகிற ஆள் அவன். அவனுக்குத் தெரியாததா? வண்டலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். "நல்ல மண்ணுங்க, தாராளமாப் போடுங்க" என்றான்.

பழனிச்சாமி தானே கூடையில் சுமந்து ஒவ்வொரு கொடியின் அடியிலும் அணைத்துவிட்டான். தம்பி வியர்க்க வியர்க்கச் சுமப்பதைப் பார்த்து உன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஆடி மழையைக் கொடிகள் எப்படியோ தாங்கின. ஐப்பசி அடைமழையில் கொடிக்குக் கொடி குட்டையாகத் தண்ணீர் நின்றது. இலை பழுத்துக் கொட்டியது, தண்டு அடியில் கறுத்தது. நானும் நீயும் மழையிலேயே உட்கார்ந்து கையால் வண்டலை வழித்தோம். பிடித்து இழுத்தால் கொடி வேரில்லாமல் கையோடு வந்தது. உன் தம்பி வந்து பார்த்துவிட்டு, "என் கையாலயே கொன்னுட்டனுங்க அக்கா" என்று குந்தி அழுதான். அவனை அங்கேயே மன்னித்துவிட்டேன். உன் சாவுக்கு வந்த சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவளையும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் நாற்று வைக்கிற நாளில் நீ தலைக்குக் குளித்து வந்து வரிசைக்கு முன்னால் நின்றாய். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர், மாரியப்பனின் மருமகள் பெயரைக் கூப்பிட்டார். ஏன் என்று நான்தான் கேட்டேன்.

"அந்தம்மா தொட்ட கொடி அத்தனையும் பட்டுப்போச்சுங்களே" என்றான் மாரியப்பன், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. "தாலியறுத்த கையி. எஸ்டேட்டுக்கு எதுக்குங்க வம்பு?"

"வண்டலைப் போடச் சொன்னது எந்த வாயி?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்று சிரித்தான். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "உடு புள்ள, வேலைக்கு நேரமாச்சு."

விட்டிருக்கலாம், நீ அதை நம்பாமல் இருந்திருந்தால். அதற்குப் பிறகு நீ ஒரு மிளகாய்ச் செடி கூட வைக்கவில்லை. நாற்றை வாங்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பாய். "நீயே வந்து வெச்சிரு புள்ள, என் கையி வேண்டாம்." உன் கைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்ததுதான் மிச்சம். சாகிற வரைக்கும் அந்தக் கையை நீ நம்பவில்லை.

போன மாதம் ஒருவன் என்னைத் தேடி வந்தான். "அப்பன் நொம்ப முடியாமக் கெடக்கறாருங்க ஆத்தா. உங்களப் பாக்கோணும்னு கேக்கறாரு. ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றான். நல்ல பிள்ளை, அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன். நான் போகவில்லை, போகவும் மாட்டேன். தெரியாமல் செய்த எல்லோரையும் மன்னித்தாகிவிட்டது. கையில் உருட்டிப் பார்த்துத் தெரிந்தே சொன்னவன் ஒருவன்தான். மேஸ்திரி மாரியப்பன்.