கண்டுக்கவே மாட்டேன்

நிலவின் தென்முனை ஆய்வு நிலையம். பதிவு எழுதுபவர்: வேதவல்லி, மூளை ஆய்வாளர். பூமியிலிருந்து வரும் பேச்சு இதில் தானாகவே பதிவாகும்.

நாள் 41, காலை
காற்று சரி. மின்சாரம் சரி. வெளிக்கதவின் வெளிப்பக்கப் பொத்தான் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. வெளியே போனவருக்கு உள்ளேயிருந்துதான் திறந்துவிட வேண்டும். அருமைநாயகம் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று இழுத்தடிக்கிறான். இங்கே நானும் அவனும் மட்டும்தான். இன்ஜினியர், தூத்துக்குடிக்காரன், ஓயாமல் விசில் அடிப்பவன்.

என் கவனப்பட்டையை இன்று முதல்முறையாக நெற்றியில் கட்டினேன். கண்ணில் படுவதை எல்லாம் மூளை எடுத்துக்கொள்வதில்லை, வேண்டாததைத் தள்ளிவிடுகிறது. எனக்கு எது எரிச்சலோ அதைத் தள்ளப் பட்டை மூளைக்குக் கைகொடுக்கும். பார்ப்பது வேறு, கண்டுகொள்வது வேறு. நம் பேச்சிலேயே இது இருக்கிறது.

நாள் 42, மாலை
காற்று மோட்டாரின் இரைச்சல் போயே போச்சு. மோட்டார் நிற்கவில்லை, தொட்டால் அதிர்கிறது. எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இங்கே வந்ததிலிருந்து இப்படித் தூங்கியதே இல்லை.

நாள் 44, காலை
விடிந்ததும் சண்டை. என் பட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான். பிடுங்கி மாட்டிக்கொண்டேன். உங்களுக்கு மனுஷங்களே ஆகாதேக்கா என்றான். எனக்குச் சுர்ரென்று வந்தது. போடா, இனிமேல் உன்னைக் கண்டுக்கவே மாட்டேன் என்றேன்.

அதற்கப்புறம் விசில் இல்லை. ரோஷம் போலிருக்கிறது. நல்லதுதான்.

நாள் 45, காலை
ஆளைக் காணோம். டீ மட்டும் என் மேசைக்கு வந்துவிடுகிறது, ஏலக்காய் தட்டிப் போட்டு. சமாதானத்துக்கு டீயை வைத்துவிட்டு எங்கேயோ ஒளிந்துகொள்கிறான். எனக்கும் மனசு கேட்கவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

அதே நாள், 11.20
ஹமீதா, பூமி நிலையம்: "மேடம், கேமரால பாக்குறேன். அருமை உங்க பக்கத்துலதான் நிக்கிறார். உங்க கையைப் பிடிச்சிருக்கார். ரொம்பப் பயந்துபோயிருக்கார் மேடம்."

கையைப் பார்த்தேன். என் கைதான் இருக்கிறது. பட்டையைக் கழற்றி எறிந்தேன், ஒரு மாற்றமும் இல்லை. மூளை பழகிவிட்டது, எனக்கு எரிச்சலானதை இனி பட்டை இல்லாமலே தள்ளிவிடும்.

நாள் 46, 2.05
சூரியத் தகடுகளில் தூசி. மின்சாரம் பாதிக்குக் கீழே போய்விட்டது. துடைத்தே ஆகவேண்டும், அருமை வெளியே போய்விட்டான் என்கிறாள் ஹமீதா. இருக்கிற மின்சாரத்தில் கதவை இன்னும் ஒரே தடவைதான் திறந்து மூட முடியும், அதனால் நான் அவசரப்படக் கூடாது. அவன் கதவுக்கு வந்ததும் ஹமீதா சொல்வாள், நான் திறப்பேன். அவன் தெரியாவிட்டால் என்ன, கைப்பிடி தெரிகிறதே.

போகும் முன் டீ போட்டு வைத்திருக்கிறான். டேய் அருமை, அந்தச் சண்டையை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லைடா. நீ பத்திரமாக உள்ளே வந்தால் போதும்.

3.30
ஹமீதா: "மேடம், ரெடியா இருக்கீங்களா?"
ஹமீதா: "மேடம், கதவு பக்கத்துலயே இருங்க."
ஹமீதா: "மேடம், கைப்பிடில கை இருக்கா?"

நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு உயிரை வாங்குகிறாள். எனக்குத் தெரியாதா? இல்லை, எரிச்சல்படக் கூடாது. இப்போது எரிச்சல் வந்தால் போச்சு. இந்தக் குரல் எனக்கு வேண்டும். வேண்டும். வாயை மூடித் தொலையேன் ஹமீதா, ஐயோ, இல்லை, பேசு, பேசிக்கொண்டே இரு

4.05
ஹமீதா: "மேடம், அருமை கதவுக்கு வந்துட்டார். திறங்க."

அப்பாடா, நச்சரிப்பு நின்றது. இப்போதுதான் மண்டைக்குள் அமைதி. அவன் வந்ததும் சொல்வாள்.

4.12
ஹமீதா: "திறங்க மேடம். ஸ்பேனரால கதவைத் தட்டிக்கிட்டே இருக்கார். அவருக்குக் காத்து முடியப்போகுது."
ஹமீதா: "அக்கா. வேதா அக்கா. கெஞ்சிக் கேக்குறேன், திறங்கக்கா."

இன்னும் ஒரு தகவலும் இல்லை. தகடு துடைக்க இவ்வளவு நேரமா? கதவோரம் வைத்த டம்ளரில் டீ சின்னச் சின்ன வளையமாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது. மோட்டாராக இருக்கும்.

4.21
மோட்டார் வேகம் குறைந்துவிட்டது போல, டீ அசையாமல் இருக்கிறது. கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவே இல்லை அருமை. ஹமீதா ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே திறந்துவிடுகிறேன்.