கங்காணி வீட்டு ரேடியோ

மேல்கணக்கு,
22.12.1964, காலை

அக்கா காளியாயி காலடிக்குத் தம்பி கந்தப்பன் எழுதுவது.

ஏழு வருசமாக என் முகத்தில் முழிக்காத உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இப்போதுதான் ரேடியோவில் சொன்னார்கள். பெரிய புயலாம். மலைச்சரிவில் இருப்பவர்கள் இன்றைக்கே இடம் மாறணுமாம். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலேயே மண்மேடு. பேத்தி ராசம்மாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். லயத்து ஆட்களிடமும் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்கள்.

தம்பி
கந்தப்பன்


கீழ்க்கணக்கு,
அன்னைக்கே மத்தியானம்

கந்தப்பன் கங்காணிக்கு,

ஏன் நம்பமாட்டாங்கன்னு உனக்கே தெரியுமே. அம்பத்தேழு மார்கழியில நாங்க வேலைநிறுத்தம் செஞ்சோம். தோட்டத்துத் தொரைக்காக நீ தப்பு மேளம் அடிச்சு, வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டுக்குக் கூப்பிட்டே, ஒருத்தரும் வரல. மறுநாள் கொட்டுற மழையில திரும்பவும் அதே தப்பு. அது புயல் எச்சரிக்கைன்னு தெரியாம, கங்காணி இன்னும் ஆள் பிடிக்கிறான்னு கதவைச் சாத்திக்கிட்டோம். புயல்னு ரேடியோ சொன்னது உன் வீட்டுச் சுவருக்குத்தானே தெரியும்? இறங்கி வந்து, "அக்கா, மண்ணு சரியப்போகுது"ன்னு வாயால சொல்ல உனக்குக் கால் இல்லையா? கல்லெறிவாங்கன்னு பயம். என் மகன் முத்துலிங்கத்தைச் சரிஞ்ச மண்ணுக்குள்ள இருந்து எடுக்கிறப்ப மட்டும் குடை பிடிச்சுக்கிட்டு வந்து நின்னே.

அப்பனைத் தின்ன வீட்டுப் படியை ராசம்மா மிதிக்கமாட்டா.

காளியாயி


மேல்கணக்கு,
24.12.1964

அக்கா,

லயம் மண்ணுக்குள் போனதென்று கேட்டு ஓடி வந்தேன். நீங்கள் எல்லோரையும் முன்பே கோவிலுக்குக் கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். மாரியம்மன் காத்தாள். கோவிலுக்கு வந்த என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அரிசியையும் கம்பளியையும் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். இனித் திரும்ப லயம் ஏது? மேலே வாங்க.

கந்தப்பன்


மாரியம்மன் கோவில்,
25.12.1964

கந்தப்பன் கங்காணிக்கு,

அம்மன் காத்தாளாம். உன் கடுதாசியைப் படிச்சுட்டு வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டினது நான். யார் சொன்னதுன்னு கேட்டாங்க. உன் பேரைச் சொல்லல. சொல்லியிருந்தா ஒருத்தனும் எந்திரிச்சிருக்கமாட்டான். மழையில நடந்தேன்டா, இந்த வயசுல.

அரிசியைத் திருப்பி அனுப்பியிருக்கேன். கம்பளியை ராசம்மா போர்த்திக்கிட்டா. புள்ளைக்குக் குளிர் தாங்கல. நான் தொடல.

மேல வாங்கன்னு இனிமே எழுதாத. புயல் வருதுன்னா மட்டும் எழுது.

காளியாயி