ஓடை வற்றிய பிற்பகல்

ஆகஸ்ட் 9, 2071. காலை
இமயப் பனியாற்று ஓடை ஆய்வு நிலையம். பதிபவர்: சண்பகவடிவு, நீர்வாழ் உயிரியலாளர். இங்கே நான் ஒருத்திதான்.
பனியாற்றின் வாயருகே நீரின் வெப்பம் ஒரு டிகிரி. பாறைத்தூள் கலந்து பால்போல ஓடுகிறது. கற்களைப் புரட்டினால் குளிர் தாங்கும் ஒருவகை ஈயின் புழுக்கள் மட்டும். கீழே, ஊற்றுநீர் வந்து கலக்குமிடத்தில் பாசியும் வேறு பூச்சிகளும் தொடங்குகின்றன. காலையில் ஓடை மெலிந்திருக்கும். வெயில் ஏறினால் பனி உருகிப் பிற்பகலில் பெருகும். எல்லாம் வழக்கம்போல்.

ஆகஸ்ட் 10. மாலை
தலைமையகத்திலிருந்து செய்தி. அணை நிறுவனத்தின் இயக்குநர் ரங்கபாஷ்யம் புதிய மதகுக்கு இடம் பார்க்க நாளை வருகிறாராம். கூடுதல் நீருக்காகப் பனியாற்றுக்குள் சூடான குழாய்களை இறக்கச் சொன்னவர் அவர்தான்.
இதைக் கண்டெடுப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போன கோடையில் என் கணவர் இசக்கிராஜ் இந்த ஓடையில் நின்று புழு சேகரித்தார். அணை நிறுவனத்தார் மேல் ஏரியின் மதகை முன்னறிவிப்பின்றித் திறந்தார்கள். வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போனது. சைரன் ஒலித்தது, அவர்தான் ஏறி வரவில்லை என்று விசாரணையில் சொன்னார் ரங்கபாஷ்யம். நான் கரையில் நின்றிருந்தேன். சைரன் ஒலிக்கவில்லை.

ஆகஸ்ட் 11. நண்பகல்
மேகமில்லை. கடும் வெயில். ஓடை ஏற வேண்டிய நேரம், இறங்குகிறது. இருமுறை அளந்துவிட்டேன். கருவியில் பழுதில்லை.
பனிக்குள் இருக்கும் நீர்வழி இடிந்து அடைத்திருக்கிறது. குழாய்ச் சூட்டில் கூரை மெலிந்திருக்க வேண்டும். உருகும் நீரெல்லாம் உள்ளே தேங்குகிறது. அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒரே வீச்சில் வரும்.
எச்சரிக்கை எழுதி முடித்தேன். அனுப்பவில்லை.

பிற்பகல்
ஜீப் கீழ்க் கரைக்கு வந்துவிட்டது. மூன்று பேர்: ரங்கபாஷ்யம், பொறியாளர் செல்வநாயகி, ஓட்டுநர் பிஷன். மற்ற இருவர்மீது எனக்குப் பகையில்லை. பேட்டரி தூக்க ஆள் வேண்டும் என்று ரேடியோவில் கேட்டு, இருவரையும் மேட்டிலுள்ள நிலையத்துக்கு வரவழைத்தேன்.
பிறகு ரேடியோவில் ரங்கபாஷ்யத்தின் குரல்.
"என்னம்மா சண்பகம், தண்ணியே இல்லையே. உள்ள இறங்கிப் பாக்கலாமா?"
"இறங்கலாம் சார்."
தெரிந்தேதான் சொன்னேன். அதையும் பதிகிறேன்.

அதன் பிறகு
செல்வநாயகி வந்ததும் நீர்மட்டம் காட்டும் திரையைப் பார்த்தாள். படித்தவள், உடனே புரிந்துகொண்டாள். ரேடியோவுக்குக் கை நீட்டினாள். நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
"அக்கா, சொல்லிருங்க. இன்னும் நேரம் இருக்கு."
நேரம் இருந்தது. நான் ரேடியோவைத் தரவில்லை. அவள் வாசலில் நின்று கத்தினாள். அந்தத் தொலைவுக்குக் கேட்காது. பிஷன் கீழே ஓடப் பார்த்தான். அப்போது பனியாற்றுக்குள் பெருஞ்சத்தம். அவனைச் செல்வநாயகி பிடித்து நிறுத்தினாள்.
வந்தது தண்ணீர் போலவே இல்லை. கல்லும் பனிக்கட்டியும் ஒரு சுவராக வந்தன. ரங்கபாஷ்யம் நடு ஓடையில் ஒரு பாறைமேல் ஏறினார். ரேடியோவை விடவில்லை.
"சண்பகம், ஆள் அனுப்பு. என்னம்மா பண்ணணும்? சொல்லு."
கேட்டுக்கொண்டிருந்தேன். ஒலியைக் கூட்டினேன். அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு இரைச்சல் மட்டும்.

நேரம் பார்க்கவில்லை
கணக்குத் தப்பிவிட்டது. நான் நினைத்ததைவிடப் பல மடங்கு நீர் தேங்கியிருக்கிறது. மேட்டின் அடி அரிபடுகிறது. சுவரில் விரிசல். இருவரையும் பின்பக்க முகட்டுக்கு ஏறச் சொன்னேன். போகும்போது செல்வநாயகி என் முகத்தைப் பார்க்கவில்லை.
கீழே ஊற்றுநீர் கலந்த இடம் இல்லை. பாசி இல்லை. புரட்டிப் பார்க்க ஒரு கல்கூட இல்லை. அத்தனையையும் நான்

தரை சாய்கிறது. நானும் ஏறியிருக்கலாம். அவர் குரல் மறுபடி வருமா என்று ரேடியோவை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு முறை கெஞ்ச வேண்டும் அவர். ஒரே ஒரு முறை.
எனக்கு இன்னும் போத