உள்ளபடி ஒரு முகம்

தெப்பக்குளம், திருச்சி
20.7.1961

மதராஸில் இருக்கும் மகா கலைஞருக்கு,

ஆறு பக்கக் கடிதம் கிடைத்தது. வெயிலில், நிழலில், குழந்தையை, கிழவரை எப்படிப் படம் எடுப்பது என்று வகுப்பே நடத்தியிருக்கிறீர்கள். நீங்கள் சினிமாவுக்கு ஓடிய பிறகு மூன்று வருஷமாக இந்த ஸ்டூடியோவை நடத்துகிறவள் நான்.

போன மாதம் வையம்பட்டியிலிருந்து காளியாயி என்பவள் தன் மகளோடு வந்தாள். மகள் நல்ல கறுப்பு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். "முன்னாடி இங்க இருந்தவரு பவுடர அப்பி வெள்ளையா எடுத்தாருங்க. நேர்ல பாத்தவங்க, ஏமாத்திட்டீங்கன்னு எழுந்து போயிட்டாங்க" என்று காளியாயி அழுதாள்.

உங்கள் கைவண்ணம்தான்!

நான் விளக்குகளை அணைத்துவிட்டு, அந்தப் பெண்ணை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். மறுபக்கம் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை அவள் கன்னத்துக்குத் திருப்பினேன். படத்தைப் பார்த்தவள், "அக்கா, நான் இவ்வளவு அழகாவா இருக்கேன்?" என்றாள். ஆவணியில் கல்யாணம்.

அவளைப் போலவே கறுப்பான என்னை ஒரு தடவைகூட நீங்கள் படம் எடுக்காதது ஏன் என்று யோசித்ததுண்டு. இப்போது புரிகிறது, உங்களுக்குத் தொழில் தெரியாது.

திரும்பி வரட்டுமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பத்து மணிக்குக் கடை திறப்பேன். மற்றவர்களோடு பெஞ்சில் காத்திருங்கள். உங்களையும் உள்ளபடியே எடுத்துத் தருகிறேன்.

இதை எழுதுவது,
நீங்கள் விட்டுவிட்டுப் போன மனைவி