திரும்பப் போட்ட தாழ்ப்பாள்

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அந்த நர்ஸ் தன் மகளுக்குச் சீட்டெழுத உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண் எந்நேரமும் கதவைச் சாத்திக்கொள்கிறாளே என்று போன வாரம் அறைத் தாழ்ப்பாளையே கழற்றிப் போட்டிருந்தாள். நேற்று பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே அந்த அறைக்குள் நுழைந்தால், பிள்ளை தலையணையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தது. "இந்த வயசே இப்படித்தான்க்கா, தொட்டதுக்கெல்லாம் கண்ணீர்" என்று சிரித்துவிட்டாள்.

"கண்ணு, சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாவிய மறந்துடாத. தாழ்ப்பாள திரும்பப் போட்டுட்டேன், ஒரு ஸ்க்ரூ மட்டும் கொஞ்சம் ஆடுது. நேத்து நான் சிரிச்சது தப்பு. ஆஸ்பத்திரியில ஊரான் பிள்ளை அழுதா பக்கத்துல உக்காந்து என்னன்னு கேக்கறேன், உன்ன கேக்கல. சாயங்காலம் கேக்கறேன். சொல்லணும்னு தோணினா சொல்லு. அம்மா."

கீழே மிச்சமிருந்த இடுக்கில் நெருக்கி எழுதினாள்: "அக்காகிட்டயும் சொல்லிட்டேன், தப்பு என் மேலதான்னு."

இன்னும் சொல்லியிருக்கவில்லை. பஸ் போனால் போகட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.