கழற்றி வைத்த காதுமூடி

ஜூன் பதினான்கு, ஞாயிறு, காலை ஆறு இருபது. ஜன்னலில் எனக்குக் கேட்கும் சத்தம் மூன்று: பக்கத்து வீட்டு மோட்டார், காகம், தெருக் கூட்டும் துடைப்பம். உன் அம்மாவுக்கு ஐந்து கேட்கிறதாம்.

அன்புள்ள வாலு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், என் காதைத் தவிர. சித்தி வீடு மாறிவிட்டாள், புது வீட்டு லிஃப்ட் ஓடவில்லையாம், சொந்தத்தில் மெக்கானிக் இருந்தும் பயனில்லை என்று என்னைத் திட்டுகிறாள். அது கிடக்கட்டும். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

வாசல் மரத்தில் ஒரு குருவி விடியும் முன்பே கத்தி உயிரை வாங்குகிறது என்றாள் அம்மா. மரத்தடியில் நின்று பார்த்தேன். அலகு திறந்து திறந்து மூடுகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை காது சோதனைக்குப் போனேன். கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார் அங்கிருந்த பெண். கொஞ்ச நேரம் அழுத்தினேன், அப்புறம் ஒன்றும் வரவில்லை. வயர் எங்கோ லூஸ், கொடுங்கள் நானே பார்க்கிறேன் என்று வழக்கம்போல் குதித்தேன். அவர் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். "சார், எனக்கு நல்லா கேக்குதே" என்றார். வீட்டில் சொன்னதும் அம்மா, கூப்பிட்டா கேக்காத மாதிரி நடிக்கிறீங்கன்னு இத்தனை வருஷம் திட்டினதெல்லாம் வீணாப்போச்சே என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். எங்கள் ஆலையின் கம்ப்ரஸர் ஹாலில், மெஷின் தண்டைத் தாங்கும் பேரிங் மேல் சந்தேகம் வந்தால் காதுமூடியைக் கழற்றிவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங்கிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பேன். எல்லோரும் டாக்டர் என்று கூப்பிட, எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிர்வு அளக்கும் மீட்டர் அலமாரியில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. அதை எடுத்து வருவதற்குள் மூன்று மெஷினைப் பார்த்துவிடலாமே என்ற அவசரம். சுற்றிலும் மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. கீச்சுச் சத்தம் கேட்கும் திறன் போனது போனதுதான், இதற்கு ஸ்பேர் கிடையாது என்கிறார் நிஜ டாக்டர். சின்ன வயதிலேயே உனக்கு அப்பாவான எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை.

போன வாரம் நீ போனில், பயிற்சியில் சேர்ந்த மாதமே அப்பா மாதிரி காதுமூடியைக் கழற்றிக் கேட்டு பழுதான ஒரு பேரிங்கைப் பிடித்துவிட்டேன் என்றாய். சபாஷ் என்றேன், கேன்டீனில் பீற்றிக்கொண்டேன். அந்தச் சபாஷைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இனி கழற்றாதே. இலை உரசுவது, குருவி, அடுத்த அறையில் உன் அம்மா முணுமுணுப்பது எல்லாம் சும்மா வருவது என்று நினைத்திருந்தேன், இருந்தவரை ஒருநாளும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. உன்னிடம் அது முழுசாக இருக்கிறது. நீ நல்லபடியாக, இரண்டு காதோடு, நூறு வயசு இருக்கணும். பதில் எழுது.

இனி நான் செய்யப் போவது:

1. நாளை ரிப்போர்ட்டை மேனேஜரிடம் கொடுத்து ஹாலுக்கு வெளியே வேலை கேட்பேன். தராவிட்டால் வேறு இடம்.
2. காதுக்கு மெஷின் வைத்துக்கொள்வேன்.
3. மழை வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே போய் நிற்பேன். அது இன்னும் கேட்கிறது.
4. செவ்வாய்க்கிழமை உன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, நான் கொடுத்தனுப்பிய ஸ்க்ரூடிரைவரை உன்னிடமிருந்து வாங்கி வைக்கச் சொல்வேன். பக்கத்தில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிப்பது உனக்குக் கேட்கட்டும்.

உன் அப்பா