உங்கள் பேருக்கு எழுந்து போகிறவள்

இன்று காலை மருந்துக் கடையில் உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன். என் ரத்த அழுத்த மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் உங்கள் பேர் மேலே பெரிய எழுத்தில், என் பேர் கீழே சின்னதாக. இருந்த காலத்தில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் ஒழுங்காக மாத்திரை போட்டதில்லை நீங்கள். இப்போது மாதம் தவறாமல் உங்கள் பேரில் மாத்திரை வந்துகொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். வெளியே மொரீஷியஸ் வெயில் அடிக்கிறது. "இதுல்லா வெயிலு" என்று நீங்கள் சொந்தமாகச் செய்து வைத்ததுபோலப் பெருமை பேசுவீர்களே, அதே வெயில். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும்.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பேர் என் வாயில் வந்ததில்லை. எங்கம்மா அப்பா பேரைச் சொன்னதில்லை, அத்தை மாமா பேரைச் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த சட்டம் இல்லை. வராது, அவ்வளவுதான். மற்றப் பெண்களுக்கு இதில் பெரிய கஷ்டம் இருந்திருக்காது. எனக்கு வாய்த்ததோ ஓர் ஊரின் பேர். நம் ஆறு மலையை விட்டுத் தரைக்கு இறங்குகிற இடத்தில், அணையும் அருவியும் கோயிலுமாக இருக்கிற அந்த ஊரின் பேரையே, சாமிக்கு நேர்ந்துகொண்டு உங்களுக்கு வைத்துவிட்டார்கள். ஆடி அமாவாசைக்குக் குளிக்கப் போக, சேரன்மகாதேவியில் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் நான் எதைச் சொல்லி டிக்கெட் வாங்குவேன்?

"மலையடிவாரத்துக்கு ஒண்ணு குடுங்க."

"மலை நீளத்துக்கும் அடிவாரந்தான் இருக்கு. எந்த ஊருன்னு சொல்லுங்கம்மா."

"பஸ் எங்கன போய் நிக்குமோ அங்கன."

ஒரு தடவை புதுக் கண்டக்டர் ஒருவர் முந்தின ஊருக்கே டிக்கெட் கொடுத்து இறக்கிவிட்டார். மாற்றுச் சேலைப் பையைச் சுமந்துகொண்டு மிச்சத் தூரத்தை நடந்தேன். அதைக் கேட்டு நீங்கள் சாப்பிடுகிற தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். எனக்கு இரண்டு நாள் கால் வலி.

நீங்கள் சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட். வேலையில் சேர்ந்த புதிதில் ஆலைக்காரர்கள் உங்களை ஆறு மாதப் பயிற்சிக்கு இந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். அந்த ஆறு மாதத்தை முப்பது வருஷம் பேசினீர்கள். "அங்கன யாருக்கும் அவசரம் கெடையாது ளா. அலைகூடத் தூரத்துலயே உடைஞ்சிரும். கரைக்கு வரும்போது பையத்தான் வரும். ரிட்டயர் ஆனதும் நாம அங்கன போயிருவோம்." ஆலை வேலையின் அலுப்பில் பேசுகிறீர்கள் என்று நினைத்து நானும் ம் கொட்டினேன். ம் கொட்டியதெல்லாம் சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது, பணி ஓய்வுக்கு மறுவாரம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

வண்ணார்பேட்டையில் ஏஜென்ட் இருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடலாம் என்றேன். "ஆலையில இம்புட்டு வருஷம் ரிப்போர்ட் எழுதுனவனுக்கு ஒரு பாரம் நிரப்பத் தெரியாதாக்கும்" என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். குடும்பப் பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பேர்? இனிஷியல்தான் உண்டு. அதை விரித்து எழுதினீர்கள். உங்கள் பாரத்தில் மாமா பேர், என் பாரத்தில் உங்கள் பேர். இரண்டு பேருமே அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஊரில் நம்மைப் படுத்திய பாடு கொஞ்சமா? பணி ஓய்வு பெற்றவர்கள் வெளிநாடு போனால் மகனைப் பார்க்கவோ மகளுக்குப் பேறுகாலம் பார்க்கவோ போவார்கள். நம் ஒரே மகள் சென்னையில் இருக்கிறாள். பலசரக்குக் கடை அண்ணாச்சி உங்களை நிறுத்தி வைத்துக் கேட்டார்.

"அங்கன யாரைப் பாக்கப் போறிய?"

"யாரையும் பாக்காம இருக்கத்தான் அண்ணாச்சி."

சொல்லிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். தெருவில் பெண்களுக்கு ஒரு மாதம் பதில் சொன்னவள் நான். மூன்று மாதத்தில் சலித்துத் திரும்பிவிடுவீர்கள் என்று நம்பித்தான் கிளம்பினேன். வீட்டுச் சாவியை மகளிடம் கொடுக்கும்போதுகூட, ஊறுகாய்ப் பரணியை வெயிலில் வை, சீக்கிரம் வந்துவிடுவேன் என்றேன்.

இங்கே குடியிருப்பு அனுமதி கொடுக்கிற அலுவலகத்திலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவருக்கு ஒரு குடும்பப் பேர், இந்த அம்மாளுக்கு வேறொன்று, நீங்கள் யாருக்கு யார் என்று கேட்டார். "அவள் பேருக்குப் பின்னால் நிற்பது நான்தான்" என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணச் சான்றிதழைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அன்றையிலிருந்து நான் 'மதாம்' போட்டு உங்கள் பேர். இங்கே எல்லாரையும் குடும்பப் பேரில்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். டாக்டர், தபால்காரர், ரொட்டி விற்கிறவர் எல்லாரும் உங்கள் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள், நான் தரையைப் பார்ப்பேன். உங்கள் பாடு இன்னும் வேடிக்கை. தபால் நிலையத்தில் மாமா பேரைச் சொல்லி முதல் முதலாகக் கூப்பிட்டபோது, அறுபது வயது மனிதர் துள்ளி எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டீர்கள். "எங்கப்பா செத்தும் என்னைய விடலை பாத்தியா" என்றீர்கள். நான் சிரித்தேன். ஆனால் என் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

"ரோட்டுல போறவன் வாரவனெல்லாம் உங்க பேரைச் சொல்லி என்னையக் கூப்பிடுதான். எனக்குக் கூசுது. இதை மாத்துங்க."

"இப்ப மாத்துனா எல்லாக் காகிதத்தையும் மாத்தணும் ளா. பத்து வருஷங் கழிச்சு பாஸ்போர்ட் புதுப்பிப்போம்லா, அப்ப மாத்தித் தாரேன். சத்தியமா."

மூன்று மாதம் ஆறு வருஷம் ஆனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் இந்த இடம் பிடித்துவிட்டது. அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆலையில் சங்குச் சத்தத்துக்கு ஓடிய மனிதர், அரைக்கால் சட்டையோடு சவுக்கு மரத்தடியில் பத்து மணி வரை பேப்பர் படித்தீர்கள். மாங்காய் நறுக்கி உப்பு மிளகாய் தூவிக் கொண்டுவந்து கொடுப்பீர்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் நின்று பேசியதைவிட அந்த ஆறு வருஷத்தில் பேசியது அதிகம்.

நாலாவது வருஷம் என்று நினைக்கிறேன், ஒரு சாயங்காலம். கரையில் ஆளே இல்லை. நீங்கள் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றீர்கள். நான் முழங்காலளவில். ஆற்றில் அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தி வளர்ந்தவள்தான், ஆனாலும் கடலை நம்ப மாட்டேன்.

"ஏங்க, போதும், வாங்க" என்றேன்.

நீங்கள் திரும்பவில்லை. "ஏங்கன்னா யாரு? பேரைச் சொல்லிக் கூப்பிடு, வாரேன்."

"விளையாடாதிய."

"ஊரே சொல்லுது. ரொட்டிக்காரன் சொல்லுதான், மருந்துக் கடைக்காரன் சொல்லுதான். நீ ஒருத்திதான் சொல்ல மாட்டுக்க. இங்கன யாரு கேக்கப் போறா? ஒரே ஒரு தடவை சொல்லு ளா."

கேலி பாதிதான் இருந்தது அந்தக் குரலில். மீதி என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தொண்டை வரை வந்தது. "போங்க, உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று துண்டை எடுத்துக்கொண்டு கரையேறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நீங்களும் பின்னால் வந்தீர்கள். அதன் பிறகு கேட்கவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் நீங்கள்.

ஆறாவது வருஷம், உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் மத்தியானம், நானும் பக்கத்து வீட்டு மலினியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வந்து மாமா பேரைச் சொல்லி, அவர் போய்விட்டார் என்றாள். மாமா போய் இருபது வருஷம் ஆகிறதே, இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். மலினி என் தோளைப் பிடித்த பிறகுதான் அது நீங்கள் என்று உறைத்தது. அப்புறம் உங்கள் சொந்தப் பேரைக் கேட்டார்கள். அப்போதும் எனக்கு வாய் திறக்கவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன்.

மகள் வந்தாள். அஸ்தியோடு ஊருக்குப் போனோம். உங்கள் பேருள்ள ஊரில், ஆற்றில் கரைத்தோம். அதன் பிறகு சேரன்மகாதேவி வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் "அவுக" என்றார்கள், "சார்" என்றார்கள், என் முன்னால் உங்கள் பேரைச் சொல்ல எல்லாருக்கும் தயக்கம். என் மனசு நோகக் கூடாது என்றுதான். நல்லவர்கள். பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் மட்டும் உங்கள் பேரைக் கூவிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அவர்கள் கூப்பிட்டது என்னை இல்லை. ஒரு நாள் அங்கே நாலு பஸ் போகும் வரை சும்மா நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, மகளிடம் நான் திரும்பிப் போகிறேன் என்றேன்.

"தனியா அங்க என்னம்மா செய்யப் போற?" என்று அழுதாள். கடற்காற்று ஒத்துக்கொள்கிறது என்று சொல்லி வைத்தேன். ஒரு நாளைக்கு நாலு பேராவது அப்பா பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிற ஊர் அது ஒன்றுதான் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? இங்கே வந்த பிறகு மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே மருந்துக் கடைக்குப் போய்விடுவேன். தபால் வராது என்று தெரிந்தும் தபால் நிலையத்தில் போய்க் கேட்பேன். கூப்பிடுவார்கள், எழுந்து போவேன்.

இந்த வருஷம் என் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வருஷம் முடிகிறது. மகள் நினைவாகப் போன் செய்தாள்.

"இந்தத் தடவை பேரைச் சரி பண்ணிரும்மா. அப்பாவே மாத்தித் தாரேன்னு சொன்னாங்கல்லா?"

"சொன்னாங்க."

"அப்ப மாத்திரு. அவங்க சொன்ன மாதிரியே ஆச்சு."

அவள் சொல்வது நியாயம்தான். மாற்றினால் அனுமதிச் சீட்டு, ஆஸ்பத்திரிப் புத்தகம், மருந்துச் சீட்டு எல்லாம் மாறும். 'மதாம்' போட்டு என் பேரையே கூப்பிடுவார்கள். நான் அழுது கேட்டது அதைத்தான். ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மலினியிடம் சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் கிரியோல் தெரியாது, இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான் எங்கள் உலகம் ஓடுகிறது. அவள் குடும்பப் பேர் வீராசாமி. கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவர் ஒருவரின் பேராம் அது. யாரோ ஒரு குமாஸ்தா அதைக் குடும்பப் பேராக எழுதிவிட்டார். "அவர் எந்த ஊர், எப்படி இருப்பார், எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் எல்லார் வீட்டுக் கதவிலும் அவர் இருக்கிறார்" என்றாள். எனக்கு அந்த வீராசாமியின் மனைவி ஞாபகமாகவே இருந்தது. அவளும் ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொல்லியிருக்க மாட்டாள். இந்தத் தீவில் எத்தனை பேர் சொன்னாலும் அவரிடம் அவள் சொல்லவில்லையே.

போன செவ்வாய்க்கிழமை போர்ட் லூயிஸில் இருக்கிற நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போனேன். மலினிக்கு வேலை நாள், அதனால் தனியாகவே பஸ் ஏறினேன். கவுண்டரில் வடக்கத்திப் பெண் ஒருத்தி. பழைய பாஸ்போர்ட்டை வாங்கி நகலெடுக்க உள்ளே அனுப்பிவிட்டாள். வழக்கம்போல எடுத்துக் காட்ட என் கையில் ஒன்றும் இல்லை.

"குடும்பப் பேர் அதேதானா, மாற்றமா?"

"அதே."

"சொல்லுங்கள்."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் நம் ஊர்க்காரர் யாரும் இல்லை. இருந்தாலும்தான் என்ன? சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை, கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து மறுபடி சொல்லுங்கள் என்றாள். இந்தத் தடவை நன்றாக, முழுசாக, வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு கட்டம். நான் கவுண்டரின் மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதிய பாஸ்போர்ட் இன்னும் பத்து வருஷத்துக்குச் செல்லுமாம். பஸ்ஸில் திரும்பும்போது வழி நெடுகக் கரும்புக் காடு, நல்ல வெயில், பக்கத்து சீட் காலி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறேன் என்றீர்கள். இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.